மரங்களுக்கு ஓர் அறங்காவலர்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



அறங்காவலர் என்றதும், "எந்தக் கோயில் சார்?" என்றுதான் கேட்கிறார்கள். கோயில் இல்லீங்க, மரம்! சேலையூர் பக்கம் நாட்டு மரத் தொகுப்பு ஒன்றைப் பராமரிக்கும் சிறிய அறக்கட்டளை. சம்பளம் கிடையாது.

இந்த ஆசை நம் வளாகம் தந்தது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு வந்தபோது இங்கே புதர்க்காடு. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் துணைவியார் ஆலிஸ் அம்மையாரும் மரம் வளர்த்த கதையை விடுதியில் கேட்காதவர் உண்டா? 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயலில் ஒரே பகலில் எத்தனை மரங்கள் சாய்ந்தன! நட்டவர்கள் திரும்ப வரமாட்டார்கள். "நாமும் ஏதாவது செய்யணுமே" என்று அப்போதுதான் தோன்றியது.

சேர்ந்த பிறகு ஒன்று தெரிந்தது. கன்று நட ஆளுக்குப் பஞ்சமே இல்லை. படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பாலை மரமோ மெதுவாக வளரும் சாதி. முதல் இரண்டு மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றணும், ஆடு மாடு மேயாமல் கூண்டு வைக்கணும். தண்ணி லாரிக்கு நன்கொடை கேட்டால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கல்வெட்டில் பெயர் வராதே! ரசீது, வவுச்சர், ஆண்டுத் தணிக்கை இதெல்லாம் என் பொறுப்பு. பொறியாளன் என்பதால் சொட்டுநீர்க் குழாயும் என் தலையில்.

எங்களில் இருவர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். மார்ச்சுக்குள் கணக்குத் தெரிந்த ஒருவர் வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு காலை போதும். சாப்பாட்டு வரிசையில் என்னிடம் பெயர் கொடுங்கள், காப்பி நான் வாங்கித் தருகிறேன்.