கட்டைக்கு அடியில் கிடக்கும் பட்டை



கட்டைகளை அழுத்தி வாசிக்கும் இசைக்கருவிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பிறவியிலேயே ஒரு குறை உண்டு. விரல் பட்டதும் ஒலி பிறக்கிறது. பிறந்தபின் அவ்வொலியின்மீது விரலுக்கு அதிகாரம் இல்லை. பியானோவில் சுத்தியல் தந்தியை அடித்துவிட்டு விலகிக்கொள்கிறது. அதன்பின் கட்டையை எத்துணை அழுத்தினாலும் ஒலி தன் போக்கில் தேய்ந்து மறையும். வீணை வாசிப்பவரோ மீட்டிய பின்னர்தான் தம் வேலையையே தொடங்குகிறார். தந்தியை மெட்டின்மேல் இழுத்து, ஒரு சுரத்தின் உடம்புக்குள் இன்னொரு சுரத்தைக் காட்டுகிறார். செய்யுளில் அளபெடை செய்வதும் இதற்கு அயலானதன்று. ஓசை ஓய வேண்டிய இடத்தில் ஓயாமல் நீண்டு, அந்த நீட்சியிலேயே சொல்லின் உணர்ச்சி வெளிப்படுகிறது.

ஐரோப்பியர் இக்குறையை அறியாதவர் அல்லர். கிளாவிகார்டு என்னும் சிறு கருவியில் கட்டையின் மறுமுனையில் உள்ள பித்தளைத் தகடு, கட்டை அழுத்தப்பட்டிருக்கும் வரை தந்தியைத் தொட்டபடியே நிற்கும். ஆகவே விரலை இறுக்கியும் தளர்த்தியும் சுரத்தை நடுங்கச் செய்யலாம். செருமானியர் அந்த நடுக்கத்திற்குப் 'பேபுங்' என்று பெயரிட்டனர். கார்ல் பிலிப் எமானுவேல் பாக் 1753இல் வெளியிட்ட தம் நூலில் இதனைச் சிறப்பித்துப் பேசுகிறார். ஆனால் கிளாவிகார்டின் குரல் மிக மெல்லியது. ஓர் அறைக்கு மேல் கேளாது. உரத்த குரலுடைய பியானோ வந்தது, நடுக்கம் போயிற்று.

போனது மின்சாரத்தின் வழியே திரும்பி வந்தது. செல்லோ வாசிப்பவரான மொரீஸ் மார்ட்டனோ 1928இல் பாரிசில் அரங்கேற்றிய கருவிக்கு 'ஓந்த் மார்ட்டனோ' என்று பெயர். வலக்கை சுரத்தைத் தேர்ந்தெடுக்கும். இடக்கை ஒரு தனிக் கட்டையை அழுத்தும். அதை அழுத்தாவிட்டால் கருவி ஊமை. அழுத்தும் ஆழத்திற்கேற்பவே ஒலி எழுந்து தாழும். வில்லை இழுத்துப் பழகிய ஒருவர், தம் வில்லை ஒரு கட்டைக்குள் மடித்து வைத்தார் எனலாம். அக்கட்டையின் கீழே இருந்தது ஒரு சிறு தோற்பை. அதனுள் மின்சாரத்தைக் கடத்தும் தூளும் கடத்தாத தூளும் கலந்து வைக்கப்பட்டிருந்தன. அழுத்த அழுத்தத் தூள் நெருங்கும்; நெருங்க நெருங்க மின்தடை குறையும். ஒலிவியே மெசியானின் 'துரங்கலீலா' சிம்பொனி 1949இல் பாஸ்டனில் முதன்முதலாக ஒலித்தபோது, அத்தனை பெரிய வாத்தியக் குழுவுக்கு நடுவே அக்கருவி பாடியது இந்தத் தூளை நம்பித்தான்.

இந்த வழியில் வந்தவையே 1970களின் சின்தசைசர்கள் சில. 'சில' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பலவற்றில், புகழ்பெற்ற மினிமூகிலும்கூட, கட்டைக்கு அழுத்தம் தெரியாது. அமெரிக்காவில் ஆலன் பேர்ல்மன் நிறுவிய ஆர்ப் என்னும் நிறுவனம் 1972இல் கொண்டுவந்த 'புரோ சோலோயிஸ்ட்' அவ்வாறன்று. 37 கட்டைகள், ஒரு நேரத்தில் ஒரே சுரம். ஆயினும் கட்டையை அதன் அடிவரை அழுத்தியபின் மேலும் விரலை ஊன்றினால், குரல் உரக்கும், அல்லது ஒளிரும், அல்லது அதிரும், அல்லது உறுமும். எது வேண்டும் என்பதை வாசிப்பவர் பொத்தான்களால் முன்னரே தெரிந்தெடுத்துக் கொள்ளலாம். ஆங்கிலத்தில் இதனை 'ஆஃப்டர்டச்' என்பர். பின்தொடுகை என்று சொன்னால் பொருந்தும்.

யமாஹா நிறுவனத்தின் சி.எஸ். 80 அதனினும் ஒருபடி மேலே சென்றது. 61 கட்டைகளில் ஒவ்வொன்றும் தன்மீது விழும் அழுத்தத்தைத் தனியே அறியும். ஐந்து விரல்களால் ஒரு சுரக்கூட்டை ஊன்றி, அதில் சுண்டுவிரலின் சுரத்தை மட்டும் மலரச் செய்யலாம். ஏறக்குறைய 100 கிலோ எடையுள்ள அப்பெட்டியை வாங்கெலிஸ் தம் கைபோல் ஆக்கிக்கொண்டார். 1982இல் வெளிவந்த 'பிளேடு ரன்னர்' படத்தில் பித்தளைக் குழல்போல் எழுந்து, விம்மி, தணியும் அந்த நீண்ட சுரங்களில் கேட்பது ஊன்றிய விரலின் கனம்.

இனி, அந்தக் கட்டைகளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். பெரும்பாலான கருவிகளில் கட்டைகளின் வரிசை நெடுகிலும் ஒரே பட்டை கிடக்கும். கரி பூசிய மெல்லிய தாள், அல்லது கரி கலந்த ரப்பர், அல்லது நுரைப்பஞ்சு. அதன்மேல் ஃபெல்ட் துணி. கட்டை கீழே இறங்கி ஃபெல்ட்டில் அமர்கிறது. விரல் ஊன்றும்போது பட்டை நசுங்குகிறது. மின்தடை இறங்க, மின்னழுத்தம் மாறுகிறது. விரலின் அழுத்தம் மின்னழுத்தமாகிறது என்று தமிழில் சொல்லும்போது ஒரே சொல் இரு முறை வந்துவிடுகிறது. கருவி செய்வதும் அவ்வளவே. இந்த மாற்றத்தில் படிக்கட்டுகள் இல்லை என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. 1983இல் வந்த மிடி முறை அழுத்தத்தை 0 முதல் 127 வரை 128 படிகளாக எண்ணுகிறது. பழைய அனலாக் கருவிக்கு எண்ணத் தெரியாது. சாய்தளத்தில் வழுக்குவது போலத்தான் அது ஏறி இறங்கும்.

கருவியின் மற்ற உறுப்புகள் பல பத்தாண்டுகள் தாங்கினாலும், முதலில் மூப்பெய்துவன இந்தப் பட்டை போன்றவையே. நுரைப்பஞ்சு காற்றின் ஈரத்தாலும் உயிர்வளியாலும் உதிர்ந்து, பிசினாகவோ பொடியாகவோ ஆகிறது. ரப்பர் இறுகுகிறது. கரிப்பூச்சு தேய்கிறது, பட்டையின் வால் மடங்கி மின்பலகையோடு சேருமிடத்தில் விரிசல் விடுகிறது. நோயின் குறிகள் இருவகை. ஒன்று, முட்டியால் குத்தினாலன்றிக் கருவி அசையாது. மற்றது, தொடுமுன்னரே குரல் நடுங்கிக் கொண்டிருக்கும். அதிகம் அடிபடுவது நடுப்பகுதிக் கட்டைகளே ஆதலால், ஓரத்தில் உயிரும் நடுவில் மரணமுமாகக் கிடக்கும் கருவிகளும் உண்டு.

பழுதுபார்ப்பவர் முதலில் ஐயுற வேண்டியது பட்டையை அன்று, ஃபெல்ட்டை. ஆண்டுக்கணக்கில் அடிபட்டுக் கெட்டித்த ஃபெல்ட், நல்ல பட்டையையும் செவிடாக்கிவிடும். அதை மாற்றியதும் உயிர்பெற்ற கருவிகள் பல. அடுத்தது தூய்மை செய்தல். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைப்பது வழக்கம். அழுக்கோடு கரியும் சேர்ந்து வந்துவிட்டால் திரும்பப் பூச வழியில்லை. இவை பலிக்காதபோதுதான் மாற்றுதல். ஆர்ப் நிறுவனம் 1981இலேயே மூடப்பட்டது, சி.எஸ். 80இன் உற்பத்தி 1980இல் நின்றது. ஆகவே மாற்றுப் பட்டையை எவரேனும் புதிதாகச் செய்தாக வேண்டும். மின்னணு உறுப்புகளை நிலைமின்சாரத்திலிருந்து காக்கச் சுற்றிக் கொடுக்கும் வெலோஸ்டாட் என்னும் கரி கலந்த கறுப்புத் தாளை நீளமாக நறுக்கி, இரு செப்புப் பட்டைகளுக்கு நடுவே வைத்து ஒட்டுவது பலர் கையாளும் வழி. தாள் மலிவு, வேலை பொறுமை வேண்டுவது. கட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, சுருள்வில்களை வரிசை மாறாமல் வைத்து, பட்டையைச் சுருக்கமின்றிப் படிய வைக்க வேண்டும். ஓரிடத்தில் மேடு தட்டினால் அங்குள்ள கட்டை மட்டும் ஓயாமல் அழும்.

வேலை முடிந்தபின் எழுவதுதான் கடினமான கேள்வி. புதிய பட்டை பழையதைப்போல் நடந்துகொள்ளாது. பெரும்பாலும் அதைவிட நன்றாகவே நடந்துகொள்ளும். தொல்லை அங்கேதான் இருக்கிறது. இறுகிய பட்டையின்மீது வாசித்தவர்கள் தோளின் கனத்தையே இறக்கினர். அழுத்தம் வரச் சற்று நேரமாயிற்று. அந்தத் தாமதமே அவர்தம் இசைச் சொற்றொடரின் மூச்சாயிற்று. இறகு பட்டாலும் உணரும் பட்டையை வைத்துவிட்டால், சாதாரணச் சுரங்களிலெல்லாம் வேண்டாத நடுக்கம் வந்து ஒட்டிக்கொள்ளும். வாசிப்பவர் கையை இழுத்துப் பிடிக்கக் கற்க வேண்டும். இசை வேறாகிவிடுகிறது. பழைய பட்டை புதிதாக இருந்தபோது எவ்வாறு இருந்தது என்பதைச் சொல்ல, ஒலிப்பதிவுகளும் முதிய வாசிப்பாளரின் விரல் நினைவுமே மிஞ்சியுள்ளன. பராமரிப்பு ஏடுகள் எந்தத் திருகை எந்த மின்னழுத்தத்திற்குத் திருப்புவது என்று சொல்லும். விரலுக்கு அது எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லுவதில்லை.

மூல உறுப்பைத் தொடவே கூடாது என்பார் உளர். காட்சிக்கூடத்துக் கருவிக்கு அது சரியாகலாம். ஆனால் பின்தொடுகை செத்துப்போன புரோ சோலோயிஸ்ட், அந்தக் கருவியின் வடிவம் மட்டுமே. அதனுடைய இசை அதில் இல்லை. மாற்றத்தான் வேண்டும். எனினும் கழற்றிய பட்டையைக் குப்பையில் எறிவது அறியாமை. சில இடங்களில் மின்தடையை அளந்து, அளவுகளைத் தாளில் எழுதி, பட்டையோடு சேர்த்து உறையிலிட்டுக் கருவிப் பெட்டிக்குள்ளேயே வைப்பவர் நல்ல தச்சர். ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதியபின் மூல ஏட்டை ஆற்றில் விட்ட நாட்டினர்க்கு, அந்த உறையின் அருமையை விளக்கத் தேவையில்லை. ஓந்த் மார்ட்டனோவின் நிலை இதனினும் இக்கட்டானது. மார்ட்டனோ 1980இல் மறைந்தார். 1988இல் உற்பத்தி நின்றது. அதன்பின் அக்கருவியை மீண்டும் செய்ய முனைந்தோர்க்கு மின்சுற்று கைவந்தாலும், அந்தத் தோற்பையின் மென்மையைக் கைவரச் செய்வது தனித்தவம் ஆயிற்று.

பட்டை மாற்றியபின் கடைசி வேலை, உணர்வைக் கூட்டிக் குறைக்கும் சிறு திருகைச் சரிசெய்வது. அனுபவம் உள்ளவர்கள் இதனைத் தாமே செய்வதில்லை. கருவிக்கு உரியவரை அமர்த்தி, அவருக்கு நெடுநாள் பழகிய பாட்டு ஒன்றை வாசிக்கச் சொல்லி, பெட்டியின் பின்னால் நின்று திருகைச் சிறிது சிறிதாகத் திருப்புவர். வாசிப்பவர் முதலில் முகம் சுளிப்பார். பிறகு கையைப் பார்த்துக்கொள்வார். பிறகு கருவியை மறந்து பாட்டில் இறங்குவார். அந்த இடத்தில் திருப்புளியை எடுத்துவிடுவர்.