பள்ளித் தோழமையும் அரசியல் வாதமும்

(திருவொற்றியூரில் நடைபெற்ற நம் சங்கத்தின் மாணாக்கர் பரிசளிப்புக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

   

இக்கூட்டத்திற் சில வார்த்தைகள் பேசுமாறு நம் காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தபோது, "மாணாக்கருக்கு அரசியல் தகுமா?" என்னும் பொருள் பற்றிப் பேசவேண்டுமென்று விரும்பினார்கள். அவ்விருப்பத்திற்குக் காரணம் உண்டு. நம் சங்கத்திற்கு வரும் பெற்றோர் பலர், "பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பாடத்தைப் பற்றிப் பேசுவதில்லை, கட்சியைப் பற்றியே பேசுகிறான். அதனால் தோழர்களோடு மனவருத்தம் உண்டாகிறது. சங்கத்தார் அவனுக்குப் புத்தி சொல்லலாகாதா?" என்று முறையிடுகிறார்கள். யான் புத்தி சொல்லவே வந்திருக்கிறேன். ஆயின், அப்புத்தியிற் பெரும்பகுதி பிள்ளைகளுக்கன்று, நமக்கே உரியது என்பதை முன்னரே தெரிவித்துக்கொள்கிறேன்.

கனவான்களே! இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலுள்ள நம் கடற்கரைப் பகுதியில் அரசியல் என்பது பத்திரிகை வாயிலாக வருவதன்று. வீட்டு வாயிற்படி ஏறி வருவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் எழுந்தபோது, வடக்கு நோக்கிச் செல்லும் மணலை அவை தடுத்துவிட்டன. அதனால் தெற்கே மெரீனாவில் மணல் பெருகிற்று. வடக்கே நம் கரை அரிந்தது. யான் சிறுவனாக ஓடியாடிய மணற்பரப்பிற் பெரும்பகுதி இன்று கடலுக்குள் இருக்கிறது. அது இருந்த இடத்திற் கருங்கற் குவியலைக் காண்கிறோம். 2017 ஜனவரி 28-ஆம் தேதி எண்ணூர்த் துறைமுகத்திற்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எண்ணெய் எர்ணாவூர்க் கரையிற் கருஞ்சேறாய்ப் படிந்தது. அதனை வாளிகொண்டு அள்ளியவர்களுள் மாணாக்கர் பலர் இருந்தனர். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்திற் பரவி, படகையும் வலையையும் பாழாக்கிற்று. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு, பெரியகுப்பத்தருகே ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. உறங்கிக்கொண்டிருந்த குடும்பத்தார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினர்.

அப்பிள்ளைகளுள் ஒருவன் பள்ளிக்கூடத்திற்கு வந்து, தன் அருகில் அமர்ந்திருக்கும் தோழனை நோக்கி, "இதற்குப் பொறுப்பாளர் யார்?" என்று கேட்பானாயின், அக்கேள்விக்குப் பெயர்தான் அரசியல். அதனைக் கேளாதே என்று அவன் வாயைப் பொத்துவது நமக்குத் தகுமா? நாம் பொத்தினாலும் அது பொத்துப்படுமா? அவன் கையிற் கைப்பேசி இருக்கிறது. ஊரெங்கும் உள்ள வாதங்களெல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஆதலின், வாதத்தைத் தடுப்பது எவ்வாறு என்பதன்று நம் முன்னுள்ள பிரச்சினை. வாதம் நிகழ்ந்த பின்னும் தோழமை நிலைப்பது எவ்வாறு என்பதே பிரச்சினை.

இவ்வூரில் நின்றுகொண்டு தோழமையைப் பற்றிப் பேசுவோன் சுந்தரமூர்த்தி சுவாமிகளை மறத்தலாகாது. அவருக்குத் 'தம்பிரான் தோழர்' என்பது ஒரு பெயர். 'வன்றொண்டர்' என்பது மற்றொரு பெயர். இரண்டாவது பெயர் எவ்வாறு வந்தது? திருவெண்ணெய்நல்லூரில் வழக்காட வந்த கிழவேதியரோடு அவர் வன்சொற் பேசி வாதிட்டார். அவ்வாதத்தின் முடிவில் தோன்றியதுதான் உலகம் வியக்கும் அத்தோழமை. பின்னர் இதே திருவொற்றியூரிற் சங்கிலியாருக்குச் செய்துகொடுத்த சபதத்தை மீறிக் கண்ணொளி இழந்தபோதும், அவர் தம் தோழரிடம் முறையிட்டார், வழக்காடினார், தோழமையை விட்டாரில்லை. தோழன் தவறுமிடத்து அவனைக் கண்டித்துரைப்பதும் நட்பின் கடமையே என்பது திருவள்ளுவர் கருத்து. ஆகவே, வாதம் நட்புக்குப் பகையென்பது நம் முன்னோர் கொள்கையன்று.

அப்படியாயின் நட்பைக் கெடுப்பது எது? நம் வடசென்னையின் சரித்திரமே விடை கூறும்.

பெரம்பூரிலிருந்த பக்கிங்ஹாம், கர்நாட்டிக் ஆலைகளுக்கு அருகே கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் சமயப் பிரசங்கங்களுக்காக ஒரு சபை நடத்தி வந்தனர். அங்கே வந்து கூடிய ஆலைத் தொழிலாளர் தம் குறைகளைச் சொல்லத் தொடங்கினர். அவ்விதையினின்றே 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் முளைத்தது, திரு. வி. க. அவர்களும் அதற்காக உழைத்தார்கள். பல சாதியினரும் பல மதத்தினரும் ஒரே சங்கத்தில் அமர்ந்தனர். மூன்றாண்டு சென்றது. 1921-ஆம் ஆண்டின் வேலைநிறுத்தத்தில், வேலைக்குத் திரும்புவதா வேண்டாவா என்னும் கருத்து வேற்றுமை தோன்றிற்று. அது கூலியைப் பற்றியும் பசியைப் பற்றியும் எழுந்த வேற்றுமை. பேசித் தீர்த்திருக்கத் தக்கது. ஆனால் ஆதிதிராவிடத் தொழிலாளர் ஒரு பக்கமும் ஏனையோர் மறுபக்கமுமாக நின்றமையால், கருத்து வேற்றுமை சாதி வேற்றுமையாக மாறிற்று. புளியந்தோப்பிற் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது, உயிர்கள் மாண்டன, வேலைநிறுத்தமும் தோற்றது. ஒரே தறிக்கூடத்தில் நின்றவர்கள் ஒருவரையொருவர் கண்டு அஞ்சலாயினர். வாதம் அவர்களைப் பிரிக்கவில்லை. வாதத்திற்குள் சாதி புகுந்து பிரித்தது.

இதற்கு மறுபுறமும் உண்டு. 1938 ஏப்ரலில், 125 உயர்தரப் பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாய பாடமாக்கும் உத்தரவை இராஜகோபாலாச்சாரியார் மந்திரிசபை பிறப்பித்தது. சென்னையில் இந்து தியலாஜிகல் உயர்தரப் பள்ளியின் முன்பு மறியல் நடைபெற்றது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சிறை புகுந்தனர். அவர்களுள் நடராசன் என்னும் ஆதிதிராவிட இளைஞர் 1939 ஜனவரி 15-ஆம் தேதி உயிர் நீத்தார். கும்பகோணத்தினின்று வந்த தாளமுத்து என்னும் நாடார் குல இளைஞர் அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் உயிர் நீத்தார். இருவரது நினைவிடமும் இராயபுரத்தையடுத்த மூலகொத்தளத்தில் இருக்கிறது. 1940 பிப்ரவரியில் அவ்வுத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அவ்விளைஞர் கொண்ட கொள்கையை ஏற்பவரும் மறுப்பவரும் இச்சபையில் இருக்கலாம். என் கருத்து அதுவன்று. இருவர் பெயரையும் சேர்த்து, 'தாளமுத்து நடராசன்' என்று ஒரே பெயர்போல நம் மக்கள் வழங்குகிறார்களே, அதனைக் கவனியுங்கள். அப்பெயரைச் சொல்லுவோர் யார் எக்குலத்தவரென்று எண்ணுவதில்லை.

செல்வங்களே! இனி என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூற அனுமதி வேண்டுகிறேன். இதனை இதுகாறும் ஒரு சபையிலும் கூறியதில்லை.

1972-ஆம் ஆண்டில் எனக்கு வயது பதினைந்து. என் தந்தையார் இவ்வூர்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார்கள். பள்ளியில் மூன்றாண்டுக் காலம் என்னோடு ஒரே பலகையில் அமர்ந்தவன் குப்பத்துச் செம்படவர் வீட்டுப் பிள்ளை. எனக்கு நீந்தக் கற்பித்தவன் அவன். அவனுக்குக் கணக்குக் கற்பித்தவன் யான். இடைவேளையில் இருவரும் ஒரே காகிதப் பொட்டலத்தில் மாங்காய்த் துண்டு தின்போம். மாலையிற் படிப்பகத்திற்குச் சென்று, அவன் சினிமாப் பக்கத்தையும் யான் அரசியற் பக்கத்தையும் படித்து, பின்பு மாற்றிக்கொள்வோம்.

அவ்வாண்டு அக்டோபரில் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து விலக்கப்பட்டார், அம்மாதம் 17-ஆம் தேதி அ.தி.மு.க. தோன்றிற்று. ஊர் இரண்டுபட்டது, வகுப்பும் இரண்டுபட்டது. என் தந்தையார் ஆளுங்கட்சியிற் பற்றுடையவர்கள். ஆதலின் யானும் அவ்வாறே. என் தோழனுக்கோ எம்.ஜி.ஆர். மீது அளவிறந்த பக்தி. நாடோறும் வாதித்தோம். கட்சிக் கணக்கு ஏன் கேட்கலாகாது என்பான் அவன். கேட்குமிடம் பொதுக்கூட்ட மேடையா என்பேன் யான். சில நாள் யான் வென்றேன். சில நாள் அவன் வென்றான். ஒருநாள் நண்பகலில், பலர் சூழ நிற்க, அவன் கேட்ட கேள்விக்கு எனக்கு விடை தோன்றவில்லை. சுற்றி நின்றவர்கள் நகைத்தார்கள். அப்போது என் வாயினின்று ஒரு சொல் வந்தது. அச்சொல்லை இச்சபையில் உச்சரிக்க நாணுகிறேன். அது அவன் கட்சியைப் பற்றியதன்று. அவன் பிறப்பைப் பற்றியது.

அவன் என்னை அடிக்கவில்லை. உபாத்தியாயரிடம் முறையிடவுமில்லை. தன் புத்தகங்களை எடுத்துக்கொண்டு பின்பலகைக்குச் சென்றான். அவ்வாண்டு முடிவதற்குள் படிப்பை விட்டுக் கட்டுமரம் ஏறினான். என் சொல்லாலேயே படிப்பை விட்டான் என்று கூறேன். அவன் வீட்டில் வறுமையும் இருந்தது. ஆனால், இருக்கும்படி வற்புறுத்த ஒரு தோழன் வேண்டுமல்லவா? அத்தோழனாக யான் இருந்தேனில்லை. பிற்காலத்திற் காசிமேட்டில் அவனிடம் பலமுறை மீன் வாங்கியிருக்கிறேன். விலை சொல்வான், சரியான விலையே சொல்வான், வேறு பேசான். மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று ஒவ்வொரு முறையும் நினைத்துச் செல்வேன். மீனை வாங்கிக்கொண்டு திரும்புவேன். சில ஆண்டுகளுக்கு முன் அவன் காலமானான்.

பெரியோர்களே! அச்சொல்லை யான் எங்கே கற்றேன்? பள்ளிக்கூடத்திற் கற்றேனல்லேன். கட்சிக் கூட்டத்திலும் கற்றேனல்லேன். நம் வீட்டுத் திண்ணையிலே, நம் குலத்துப் பெரியோர் மாலைவேளையில் உரையாடக் கேட்டுக் கற்றேன். அவர்கள் எனக்கென்று சொல்லவில்லை. ஆயினும் யான் கேட்டுக்கொண்டிருந்தேன். நியாயம் தீர்ந்துபோன இடத்தில் எடுத்து வீசுவதற்கு அது என்னிடம் ஆயத்தமாக இருந்தது.

இஃது ஐம்பதாண்டுக்கு முந்திய கதையென்று தள்ளிவிடாதீர்கள். 2023 ஆகஸ்டில் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த நாங்குநேரியிற் பன்னிரண்டாம் வகுப்பு மாணாக்கன் ஒருவனும் அவன் தங்கையும் தம் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டனர். வெட்டியவர்கள் அவனோடு பயின்ற மாணாக்கர், காரணம் சாதி. அதன்பின் அரசினர் நியமித்த நீதிபதி சந்துரு அவர்களின் குழு, 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. சாதியைக் குறிக்கும் வண்ணக் கயிறுகளை மாணாக்கர் மணிக்கட்டில் அணிதலாகாது, பள்ளிகளின் பெயரிற் சாதிப்பெயர் இருத்தலாகாது, மாணாக்கரை அகரவரிசைப்படி அமர்த்த வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளுட் சில. நம் வடசென்னையில் அரிவாள் இல்லையே என்று நாம் மகிழலாம். என்னிடமும் அரிவாள் இருந்ததில்லை. ஒரு சொல்தான் இருந்தது.

சாதிச் சங்கத்து மேடையில் நின்றுகொண்டு இவ்வாறு பேசலாமோ என்று சிலர் எண்ணக்கூடும். இம்மேடையிற்றான் பேசவேண்டும். நம் சங்கம் தோன்றியது நம் பிள்ளைகள் படிப்பதற்காக. பிறர் பிள்ளைகளோடு அவர்கள் பகைப்பதற்காகவன்று. ஆகவே மூன்று விண்ணப்பங்களைச் சபையோர் முன் வைக்கிறேன்.

முதலாவது, நம் சங்கக் கட்டடத்திலுள்ள வாசகசாலை இன்றுவரை நம் குலத்துப் பிள்ளைகளுக்கு மாத்திரமே திறந்திருக்கிறது. அதனை இப்பகுதியிலுள்ள மாணாக்கர் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும். நம் பிள்ளை தன் தோழனை வாயிலில் நிறுத்திவிட்டு உள்ளே சென்று படிக்கும் படிப்பினால் வரும் பயன் யாது?

இரண்டாவது, பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை அவ்வாசகசாலையில் மாணாக்கர் வாதக்கூட்டம் நடத்த வேண்டும். கரையரிப்பு, எண்ணெய்க் கசிவு, மொழி, தேர்தல், எதுவாயினும் பேசட்டும். அதற்கு ஒரே விதி போதும்: எதிரி கூறியதை, 'ஆம், யான் கூறியது அதுவே' என்று அவனே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துரைத்த பின்னரே மறுத்துரைக்கலாம். இவ்விதி 1972-இல் எனக்கு இருந்திருக்குமாயின், விடை தோன்றாத அந்நண்பகலில், 'நீ கேட்டது நல்ல கேள்வி. நாளை விடை சொல்கிறேன்' என்று கூறியிருப்பேன்.

மூன்றாவது, நம் விழாக்களிற் குலத்தின் பெயரால் வண்ணக் கயிறோ அடையாளமோ எந்த மாணாக்கனுக்கும் கட்டலாகாது. அவற்றினும் முதன்மையாக, திண்ணையிற் பேசும்போது நம் நாவைக் காக்க வேண்டும். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மாணாக்கச் செல்வங்களே! உங்களுக்கு ஒரு வார்த்தை. வாதியுங்கள், நன்றாகப் படித்து வாதியுங்கள், தந்தையின் கட்சி என்பதற்காக ஒன்றைக் கொள்ளவும் வேண்டா, தள்ளவும் வேண்டா. வாதத்தில் தோற்றால் தோற்றதாக ஒப்புக்கொள்ளுங்கள். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. உங்கள் வாயினின்று தகாத சொல் ஒன்று வந்துவிட்டால், அன்று மாலை மணி அடிப்பதற்குள் தோழனிடம் சென்று மன்னிப்புக் கேளுங்கள். நாளைக்கு என்று வைத்தால் அது ஐம்பதாண்டாகிவிடும்.

கடைசியாக ஒன்று. நம் விண்ணப்பங்களைச் சபையோர் ஏற்பார்களாயின், அதனை வெறுங் கைதட்டலால் ஏற்க வேண்டா. இது மகிழ மரத்தடியிற் செய்த சபதத்தை மீறியவர் கண்ணிழந்த ஊர். நிறைவேற்றுவதாயின் மாத்திரம் ஒப்புக்கொள்ளுங்கள்.