கல் பறந்து வந்தால்?



கேட்க மனமில்லாதவரிடம் நல்ல கருத்தைக் கொண்டுசேர்ப்பது நாவன்மையா, பொறுமையா? எனக்கு முன்னால் பேசிய தம்பி, நாவன்மை இருந்தால் கல்லும் கரையும் என்றார். தம்பி, கல்லு கரையறது இருக்கட்டும், கல்லு பறந்து வந்தா என்ன பண்ணுவீங்க? (சிரிப்பு)

அப்படிப்பட்ட ஊருக்குத் தானாகவே கிளம்பினார் ஒருவர். புத்தருடைய சீடர். பாலி மொழியில் பெயர் புண்ணர். புண் என்று நினைத்துவிடாதீர்கள். பூர்ணர், நிறைவானவர் என்று பொருள். அவர் போக விரும்பியது சுனாபராந்தம். மும்பைக்கு வடக்கே சோபாரா இருக்கிறதே, அந்தக் கடற்கரைப் பகுதி என்பார்கள். 1882-ல் பகவான்லால் இந்திரஜி அங்கே ஒரு ஸ்தூபத்தை அகழ்ந்தார். பூர்ணருக்கு அது சொந்த நாடு, வணிகராக இருந்தவர் என்று பழைய உரைகள் சொல்கின்றன. சொந்த ஊர்ல உபதேசம் பண்றது எவ்வளவு கஷ்டம்! "இவன் மூக்கு ஒழுகிக்கிட்டுத் திரிஞ்சதை நான் பார்த்திருக்கேனே"ன்னு ஒருத்தர் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருப்பார். (சிரிப்பு)

அங்கிருப்பவர்கள் முரடர்கள் ஆயிற்றே, திட்டினால் என்ன செய்வாய் என்று புத்தர் கேட்கிறார். கை நீட்டாமல் விட்டார்களே, நல்லவர்கள் என்று நினைப்பேன் என்கிறார் பூர்ணர். கை நீட்டினால்? மண்ணாங்கட்டியால் அடிக்கவில்லையே. அதால் அடித்தால்? தடி எடுக்கவில்லையே. தடிக்குப் பிறகு கத்தி, கத்திக்குப் பிறகு உயிர். அதற்கும் அவர் கலங்காமல் பதில் சொன்னார். பிறகுதான் விடை கிடைத்தது.

நடுவர் அவர்களே, மஜ்ஜிம நிகாயத்தில் வரும் இந்த உரையாடலில், அங்கே போய் என்ன பேசுவாய், எப்படி மடக்குவாய் என்று ஒரு கேள்வி கூடக் கிடையாது. அடி விழுந்தால் உன் மனசு கெடுமா, கெடாதா? தேர்வே அதுதான். (கைதட்டல்) அந்த ஒரு மழைக்காலத்துக்குள் 500 ஆண்களும் 500 பெண்களும் இல்லறத்தில் இருந்தபடியே பௌத்தரானார்கள் என்கிறது நூல். வாயைத் திறக்காமலா என்று எதிரணி கேட்கும். பேசித்தான் இருப்பார். ஆனால் திட்டு வாங்கத் தயாராக வந்தவனுக்கு அவசரம் இருக்காது. அவசரம் இல்லாதவன் பக்கத்துலதான் நாலு பேர் உட்காருவாங்க.

நம்ம ஊருக்கு வாங்க. 1898-ல் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பினார் அயோத்திதாசப் பண்டிதர். சித்த மருத்துவர். 1907-ல் சென்னை இராயப்பேட்டையில் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். எதிர்ப்புக்குக் குறைவில்லை. 1914-ல் மறையும்வரை எழுதினார். கோலார் தங்கவயலில் உழைத்த தமிழர்கள் வரை அது போய்ச் சேர்ந்தது.

நான் தோற்ற கதையையும் சொல்லிவிடுகிறேன். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு கோயில் திருவிழா. மணிமேகலை பற்றிப் பேசப் போனேன். அமுதசுரபியைத் தொட்டுவிட்டு பௌத்தம் என்று வாயெடுத்தேன். ஒரு பெரியவர் எழுந்தார். "எங்க சாமி முன்னாடி புத்தரைப் பத்தி எதுக்குங்க?" முனைவர் பட்டம் வாங்கினவன் சும்மா இருப்பேனா? 20 நிமிஷம் வாதம் பண்ணி அவரை உட்கார வைத்தேன். ஜெயித்த பெருமையோடு நிமிர்ந்து பார்த்தால், பாதிக் கூட்டம் ராட்டினத்துப் பக்கம் போயிருந்தது. (சிரிப்பு)

கீழே இறங்கினேன். ஒரு பாட்டி கையைப் பிடித்தார். "ஏஞ்சாமி, அந்தப் புள்ளை கையில அள்ள அள்ளக் குறையாத பாத்திரம்னியே, யார் யாருக்குச் சோறு போட்டுச்சு? அதைச் சொல்லாம சண்டைக்குப் போயிட்டியே!"

சுரீர் என்றது. மணிமேகலை சிறையில் கிடந்தவர்களின் பசியை ஆற்றியதும், அரசன் அந்தச் சிறையையே அறக்கோட்டம் ஆக்கியதும் நான் சொல்லாமல் விட்ட பகுதியில்தான் இருக்கின்றன. வஞ்சியிலே அவள் எல்லாச் சமயத்தாரிடமும் போய் அவர்கள் கொள்கையை முதலில் கேட்டாள். நான் அந்தப் பெரியவரை ஒரு நிமிஷம் கேட்டேனா?

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. தேர்முட்டிப் படியில் உட்கார்ந்து பாட்டிக்கு ஆபுத்திரனிலிருந்து கதையை ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெரியவரும் வந்தார். ஒன்றும் பேசவில்லை. துண்டை விரித்து உட்கார்ந்தார்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. (கைதட்டல்)