சக்கரத்தின் எடை



வகுப்பில் தான் சொல்லும் சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதை எந்த ஆசிரியரும் முன்கூட்டி அறிவதில்லை. என் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியம் கலிபோர்னியா வரை சென்று, அங்கே ஒரு நெடுஞ்சாலையின் ஓரத்தில் ஒரு காரை நிறுத்திவிட்டது. அந்தப் பிழையை ஒப்புக்கொண்டு இன்றைய பேச்சைத் தொடங்குவதே முறை என்று கருதுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, சுழற்சி இயக்கம் பற்றிப் பாடம் நடத்துகையில், "வண்டியின் உடலில் நான்கு கிலோ குறைப்பதும் சக்கரத்தில் ஒரு கிலோ குறைப்பதும் ஒன்றே" என்று சொன்னேன். பந்தயக் கார்களில் ஈடுபாடு உடையோரிடம் காதில் விழுந்த செய்தி அது. கணக்கிட்டுப் பார்க்காமலே வகுப்பில் சொல்லிவிட்டேன். முதல் வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

அவன் பொறியாளனாகிக் கலிபோர்னியாவில் குடியேறினான். டெஸ்லா நிறுவனத்தின் மாடல் 3 காரில், வேகத்திற்கென்றே அமைந்த பதிப்பை வாங்கினான். ஏறக்குறைய 1850 கிலோ எடையுள்ள கார் அது. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை மூன்றரை நொடிக்குள் எட்டிவிடும். அதனுடன் வந்தவை 20 அங்குலச் சக்கரங்கள். அவை எடை மிகுந்தவை. என் பழைய வாக்கியம் அவன் நினைவுக்கு வந்தது. சக்கரத்துக்கு 5 கிலோ குறைவான ஒரு தொகுதியை மலிவாகத் தபாலில் வரவழைத்து மாட்டிக்கொண்டான்.

மழைக்காலம் முடிந்த ஒரு நாள், தாயாரை அழைத்துக்கொண்டு போகையில், சாலையில் ஒரு பள்ளம். முன் சக்கரத்தின் உள்விளிம்பு வளைந்து வெடித்தது. காற்று ஒரே மூச்சில் வெளியேறியது. மாற்றுச் சக்கரம் அந்தக் காரில் இல்லை. பெரிய லாரிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடும் சாலையின் ஓரத்தில் அறுபத்தெட்டு வயதுத் தாயார் இரண்டு மணி நேரம் நின்றார். மறுநாள் அவன் எனக்கு எழுதினான்: "ஐயா, கணக்கில் எங்கே தவறினேன்?"

தவறியவன் அவன் அல்லன். பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து போட்ட கணக்கை உங்கள் முன் வைக்கிறேன்.

குயவர் மண் வனையும் சக்கரத்தை எண்ணிப் பாருங்கள். அதன் கனம் விளிம்பில் இருக்கிறது. ஆகவே சுழற்றிவிடுவது கடினம். சுழன்றபின் எளிதில் நிற்பதில்லை. காரின் சக்கரமும் அவ்வாறே. அது சாலையில் முன்னோக்கி நகர்கிறது, அதே வேளையில் தன் அச்சைச் சுற்றியும் சுழல்கிறது. இரண்டுக்கும் ஆற்றல் வேண்டும். சக்கரத்தின் எடை முழுவதும் தரையைத் தொடும் வெளிவட்டத்திலேயே இருப்பதாகக் கொண்டால், சுழல்வதற்கான ஆற்றலும் நகர்வதற்கான ஆற்றலும் சமமாகும். அதாவது, சக்கரத்தில் உள்ள ஒரு கிலோ, உடலில் உள்ள இரண்டு கிலோவுக்கு நிகர். அதுவே எல்லை. உண்மைச் சக்கரத்தில் எடையின் ஒரு பகுதி நடுவிலும் ஆரங்களிலும் இருப்பதால், இரண்டுகூட வராது. என் "நான்கு" எந்தக் கணக்கிலும் கிடைக்கவில்லை.

இனி இதை அவன் காருக்குப் பொருத்துவோம். நான்கு சக்கரங்களிலும் குறைந்தது 20 கிலோ. மிகவும் தாராளமாகக் கொண்டால் 40 கிலோவுக்கு நிகர். ஓட்டுநருடன் கார் 1930 கிலோ. நூற்றில் இரண்டு பங்கு! மூன்றரை நொடியில் இது ஒரு நொடியின் நூற்றில் ஏழு பங்கு. கண் ஒருமுறை இமைக்க அதைவிட அதிக நேரம் ஆகும். அதற்காகவா அந்த அம்மையார் சாலையோரத்தில் நின்றார்?

இன்னொன்றும் உண்டு. சமதரையில் சீரான வேகத்தில் செல்லும் காரைச் சக்கரத்தின் நிலைமம் தடுப்பதே இல்லை. நியூட்டனின் முதல் விதி அதைத்தான் சொல்கிறது. வேகத்தைக் குறைக்கும்போதோ, மின்சாரக் காரின் மோட்டார் மின்னாக்கியாக மாறி, சுழற்சியில் தேங்கிய ஆற்றலில் ஒரு பகுதியைப் பாட்டரிக்குத் திருப்பிவிடுகிறது. பெட்ரோல் காரில் அது பிரேக்கில் வெப்பமாகி வீணாகும். எனவே, இலேசான சக்கரத்தால் ஒரு முறை மின்னேற்றி வெகுதூரம் போகலாம் என்னும் நம்பிக்கை மின்சாரக் காரில் இன்னும் பலவீனமானது.

அப்படியானால் இலேசான சக்கரத்தால் பயனே இல்லையா? உண்டு, ஆனால் அது வேறோர் இடத்தில் இருக்கிறது. காரின் உடல் சுருள்வில்களின் மேல் அமர்ந்துள்ளது. சக்கரம், டயர், பிரேக்கின் பெரும்பகுதி ஆகியவை வில்லுக்குக் கீழே இருக்கின்றன. சாலை மேடுபள்ளமாக இருக்கும்போது, கனமான சக்கரம் மேலெழுந்தால் கீழிறங்கத் தாமதிக்கிறது. அந்தக் கணத்தில் டயர் தரையை அழுத்துவது குறைகிறது, பிடிப்பும் குறைகிறது. இலேசான சக்கரம் தரையின் ஏற்ற இறக்கத்தை விரைந்து பின்தொடரும். வளைவில் காரின் போக்கு உறுதியாகவும், உள்ளே இருப்போர்க்கு அதிர்ச்சி குறைவாகவும் அமையும். இந்த ஒரு நன்மைக்காகவே இலேசான சக்கரத்தைத் தேடலாம் என்பது என் கருத்து.

ஆனால் இலேசு என்பது இரு வழிகளில் வரும். உலோகத்தைக் குறைத்தும் வரும். உலோகத்தை மேம்படுத்தியும் வரும். அலுமினியக் கலவையை உருக்கி அச்சில் வார்ப்பது மலிவான முறை. வார்த்தபின் விளிம்பைச் சூடாக்கிச் சுழற்றி, உருளையால் அழுத்தி நீட்டுவது அடுத்த படி. திண்மையான கட்டியைப் பல ஆயிரம் டன் அழுத்தத்தில் நசுக்கி உருவாக்குவது உயர்ந்த படி; கொல்லர் பட்டறையில் சம்மட்டி செய்யும் வேலையின் பெருவடிவம் அது. இதில் உலோகத்தின் உட்கட்டு நெருங்கிவிடுவதால், மெல்லிய பகுதியும் வலிமை தாங்கும். 2015இல் ஃபோர்டு நிறுவனம் மஸ்டாங் ஷெல்பி ஜி.டி.350 ஆர் காரில் கரி நார்ச் சக்கரங்களையே பொருத்தி விற்றது. விலையைப் பற்றி மாணவர்களிடம் பேசாமல் விடுவதே நல்லது.

என் மாணவன் வாங்கியது வார்ப்புச் சக்கரம். உலோகத்தைக் குறைத்து எடையைக் குறைத்தது. அதில் எடை பொறித்திருந்தது. எவ்வளவு பாரம் தாங்கும் என்பது பொறித்திருக்கவில்லை. காரின் கதவுத் தூணில் ஒட்டிய தாளில், ஒவ்வோர் அச்சும் ஏற்கத்தக்க உச்சப் பாரம் குறிக்கப்பட்டிருக்கும். அதில் பாதியையேனும் ஒரு சக்கரம் தாங்க வேண்டும். இதைச் சொல்லாத சக்கரத்தை, அது எவ்வளவு அழகாயினும், தொடக்கூடாது. பாட்டரியின் கனத்தால் மின்சாரக் கார் தன் அளவுள்ள பெட்ரோல் காரினும் பாரமானது என்பதால், இந்த எண் இங்கே இரட்டிப்பு முக்கியத்துவம் பெறுகிறது.

டயருக்கும் அவ்வாறே ஓர் எண் உண்டு. அவன் காரின் டயரில் 235/35ஆர்20 92ஒய் என்று இருந்தது. அகலம் 235 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு 35. விளிம்பின் விட்டம் 20 அங்குலம். 92 என்னும் குறி 630 கிலோவைச் சுட்டுகிறது. ஒய் என்பது மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தை. இதற்கு மாற்றாக 18 அங்குலச் சக்கரத்தில் 235/45ஆர்18 98ஒய் டயரை எடுத்தால், குறி 750 கிலோவாகிறது. இரண்டின் மொத்த விட்டமும் ஏறத்தாழ 67 சென்டிமீட்டரே, வேகமானியும் பிழைபடாது. ஆனால் பக்கச்சுவர் 82 மில்லிமீட்டரிலிருந்து 106 மில்லிமீட்டராக உயர்கிறது. பள்ளத்தில் விழும்போது விளிம்பைக் காப்பது அந்த ரப்பரும் காற்றுமே. கனமான மின்சாரக் கார்களுக்கென்றே, கூடுதல் பாரம் தாங்கும் எச்.எல். குறியுள்ள டயரைப் பிரெல்லி நிறுவனம் 2021இல் லூசிட் ஏர் காருக்காக வெளியிட்டது.

தூரத்தைக் குறைப்பது எது? டயரின் உருளும் தடையும் சக்கரம் காற்றைக் கலக்கும் விதமுமே. டயர் தரையில் நசுங்கி மீளும்போது வெப்பமாகிறது. தடை டன்னுக்கு 10 கிலோவாயின், இந்தக் கார் 100 கிலோமீட்டருக்கு டயருக்கென்றே 5.3 யூனிட் மின்சாரம் செலவிடும். 7 கிலோவாயின் 3.7 யூனிட். மொத்தச் செலவு 16 யூனிட் அளவில் இருக்கும்போது இது பத்தில் ஒரு பங்கு! ஐரோப்பாவில் 2021 மே முதல் வழங்கும் டயர் முத்திரையில், உருளும் தடைக்கு ஏ முதல் இ வரை ஐந்து தரங்கள் உண்டு. ஈரச்சாலைப் பிடிப்புக்கும் தனியே ஐந்து. பிடிப்புக்காகவே செய்த பந்தய ரப்பர் பெரும்பாலும் தடைத் தரத்தில் பின்தங்கும். இரண்டிலும் முதலிடம் பெறுவது அரிது. டெஸ்லாவின் மாடல் எஸ் பிளெய்டு காருக்கு அமெரிக்க அரசு முறைப்படி முன்பு கணித்த தூரம், 19 அங்குலச் சக்கரத்தில் 396 மைல், 21 அங்குலத்தில் 348 மைல். அதே கார், அதே பாட்டரி. சக்கரமும் டயரும் மாறியதற்கு விலை 48 மைல்.

பொருத்தம் பற்றிச் சில சொற்கள். மாடல் 3இல் ஐந்து ஆணிகள் 114.3 மில்லிமீட்டர் வட்டத்தில் அமையும், நடுத்துளை 64.1 மில்லிமீட்டர். இவை சரியாக இருந்தாலும், வேகப் பதிப்பின் பெரிய பிரேக்கின்மேல் சிறிய சக்கரம் உரசாமல் அமர்கிறதா என்று கையால் சுழற்றிப் பார்த்த பின்பே பணம் கொடுக்க வேண்டும்.

என் மாணவன் இறுதியில் 18 அங்குலச் சக்கரத்தைத் தேர்ந்தான். அழுத்தி உருவாக்கியது, பாரம் பொறித்தது. முந்தியதைவிட எடை சற்றே கூடுதல், விலை இரு மடங்கு. ஊர்ப் பயணத்துக்குத் தடை குறைந்த டயர். லகூனா செகா பந்தயத் தளத்துக்குப் போகும் நாட்களுக்கு மட்டும் மென்மையான ரப்பர் கொண்ட வேறு நான்கு. தாயார் மீண்டும் அந்தக் காரில் ஏறச் சில வாரங்கள் ஆயின.

உடைந்த சக்கரத்தை எனக்கு அனுப்பும்படி கேட்டேன். இப்போது அது எங்கள் கல்லூரியின் பௌதிகச் சோதனைச் சாலையில், தராசுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எடை எட்டுக் கிலோ தொள்ளாயிரம் கிராம். விரிசல் உள்விளிம்பில் ஒரு சாண் நீளம் ஓடுகிறது; விரும்பும் மாணவர்கள் எந்த நாளும் வந்து பார்க்கலாம்.