நமக்காக வழக்காடும் பிள்ளைக்குச் சோறு போடுவது யார்?

(தாராவியில், சட்டப் படிப்பு முடித்த மாணவர்களுக்கு நடந்த பாராட்டுக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் ஏழு பேர் பாராட்டிப் பேசிவிட்டார்கள். அடுத்த மாதம் முதல் தேதி இந்தப் பிள்ளைகள் எங்கே வேலைக்குப் போவார்கள், யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. நான் அதை மட்டுமே பேசப் போகிறேன். அதற்கு முன்னால் ஒரு பழைய வழக்கைச் சொல்ல வேண்டும்.

சேலத்திலிருந்து 1961 இல் நிலமில்லாத விவசாயக் கூலி ஒருவர் பம்பாய்க்கு வந்தார். ஊரில் மழையில்லை, வேலையில்லை. தஹிசரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் நாள் கூலி 23 ரூபாய் கிடைத்தது. வெஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவே ஓரத்து நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கேன்வாஸும் கட்டிய ஒரு மறைப்பு. அதற்குத் தாதா ஒருவன் அவரிடம் பிடுங்கியது 2,500 ரூபாய். அதற்குள்தான் மனைவியும் மூன்று பெண்பிள்ளைகளும். 1981 ஜூலை 13 அன்று, நடைபாதைக்காரர்களையும் குடிசைக்காரர்களையும் வெளியேற்றி அவரவர் ஊருக்கே அனுப்புவோம் என்று அன்றைய முதலமைச்சர் அந்துலே அறிவித்தார். பத்தாம் நாள், கொட்டும் மழைக்காலத்தில், மறைப்பைப் பிரித்துப் போட்டார்கள். குடும்பத்தோடு அவரைச் சேலத்துக்குப் பஸ் ஏற்றினார்கள். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு அவர் திரும்பி வந்தார். மறுபடியும் நடைபாதைதான். வராமல் என்ன செய்வார்? ஊரில் பிழைப்பு இருந்தால் இருபது வருடம் முன்னாலேயே ஏன் வண்டி ஏறினார்?

இது கதை இல்லை, உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இருக்கிறது. விலே பார்லே பக்கம் காமராஜ் நகர் என்ற குடியிருப்பைப் பற்றியும் அதே தீர்ப்பில் படிக்கலாம். தண்ணீர்க் குழாய் பதிக்க வந்த தொழிலாளர்கள் 1960 வாக்கில் போட்ட குடிசைகள். அங்கிருந்து பஸ்ஸில் அடைத்து அனுப்பப்பட்டபோது வழியில் இரண்டு குழந்தைகள் பிறந்தன, இருவர் இறந்தார்கள் என்று மனுதாரர்கள் சொன்னார்கள். இந்தச் சேதி நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? சட்டக் கல்லூரியில் அந்த வழக்குக்கு ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று பெயர். மனுப் போட்டவர்களில் ஒருவரான பத்திரிகையாளர் அம்மையாரின் பெயர் அது. சேலத்துக்காரரும் மனுதாரர்தான்.

1985 ஜூலை 10 அன்று ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். தலைமை நீதிபதி ஒய்.வி.சந்திரசூட். ஐவரில் ஒருவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏ.வரதராஜன், உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் தாழ்த்தப்பட்ட வகுப்பு நீதிபதி. அரசியல் சட்டம் தரும் உயிர் வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடக்கம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. முழு வெற்றி என்று சொன்னால் நான் பொய் சொன்னவன் ஆவேன். நடைபாதையைக் காலி செய்ய முனிசிபாலிடிக்கு அதிகாரம் உண்டு என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆனால் பொதுவாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும், 1976 கணக்கெடுப்பு அட்டை உள்ளவர்களுக்கு மாற்று இடம் தர வேண்டும், அந்த வருட மழை முடிந்து அக்டோபர் 31 வரை கை வைக்கக் கூடாது என்றது. நாற்பது வருடம் கழித்தும் எந்த ஊர்க் கோர்ட்டில் குடிசை வழக்கு நடந்தாலும் வக்கீல்கள் இந்தத் தீர்ப்பைத்தான் முதலில் எடுத்து நீட்டுகிறார்கள்.

1981 இல் போட்ட மனுவுக்கு 1985 இல் தீர்ப்பு. நான்கு வருடம்! வாதாடியவர்கள் இந்திரா ஜெய்சிங், தார்க்குண்டே, ராம் ஜெத்மலானி. 23 ரூபாய் கூலிக்காரர் இவர்களில் யாருக்கு ஒரு நாள் பீஸ் கொடுத்திருக்க முடியும்? பெரிய வக்கீல்கள் தாங்குவார்கள், மற்ற வழக்கில் சம்பாதித்துக்கொள்வார்கள். அவர்களுக்குப் பின்னால் கட்டைத் தூக்கிக்கொண்டு, நகல் எடுத்து, குடிசை குடிசையாகப் போய் வாக்குமூலம் எழுதும் இளைய வக்கீல் என்ன சாப்பிடுவார்?

நான் ஜூனியராக இருந்த முதல் இரண்டு வருடம் என் கைக்கு வந்தது ரயில் பாஸுக்கும் மதிய வடா பாவுக்கும் சரியாக இருந்தது. வீட்டில் அம்மா இட்லி விற்றதால் தாக்குப்பிடித்தேன். என்னோடு படித்த இரண்டு பேர் வங்கிக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஜூனியர்களுக்கு நகரத்தில் மாதம் 20,000, கிராமப்புறத்தில் 15,000 கொடுங்கள் என்று பார் கவுன்சில் ஆப் இந்தியா 2024 அக்டோபரில் சுற்றறிக்கை விட்டது. அது பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. பதிவுக் கட்டணம் என்று மாநில பார் கவுன்சில்கள் பதினைந்தாயிரம், நாற்பதாயிரம் என்று வாங்கிக்கொண்டிருந்ததை மட்டும் அதே வருடம் ஜூலையில் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. சட்டப்படி 750 ரூபாய், தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் 125, அவ்வளவுதான் என்றது. அண்ணல் அம்பேத்கர் 1923 இல் பம்பாயில் வக்கீலாகப் பதிவு செய்ய நின்றபோது சன்னதுக்குப் பணமில்லாமல் நவல் பதேனா என்ற பார்சி நண்பர் கொடுத்து உதவினார். அப்பேர்ப்பட்டவருக்கே அந்தக் கதி.

அம்பேத்கரைச் சொன்னதும் பெலோஷிப் விஷயம் எளிதாகிவிடுகிறது. 1913 இல் பரோடா மகாராஜா மாதம் பதினொன்றரைப் பவுன் மூன்று வருடம் கொடுத்து அவரை அமெரிக்காவுக்கு அனுப்பினார். படித்து வந்து பத்து வருடம் சமஸ்தானத்தில் வேலை செய்ய வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார். ஒருவர் சோற்றுக்குப் பொறுப்பேற்கிறார், இன்னொருவர் குறித்த காலம் குறித்த வேலையைச் செய்கிறார். சட்டம் படித்தவர்களுக்கான பெலோஷிப்பும் அதே ஏற்பாடுதான். அங்கே படிப்புக்குக் கொடுத்தார்கள், இங்கே படிப்பு முடிந்த பிறகு, ஏழைகளின் வழக்கை நடத்தக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்காடன் என்ற பெரிய வக்கீல் கம்பெனி 1988 இல் இப்படி ஒன்றைத் தொடங்கியது. சட்டம் முடித்தவருக்கு இரண்டு வருடச் சம்பளம், அவர் ஏழைகளுக்கு வேலை செய்யும் அமைப்பில் இருக்க வேண்டும்.

அமெரிக்கா வரை போக வேண்டாம். தில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2019 இல் எரவாடா, நாக்பூர் சிறைகளில் விசாரணைக் கைதிகளுக்காக இளம் வக்கீல்களையும் சமூக சேவகர்களையும் பெலோஷிப்பில் அமர்த்தியது. செம்பூரை அடுத்த தேவனாரில் டாடா சமூக அறிவியல் நிறுவனம் இருக்கிறதே, அதன் பிரயாஸ் என்ற பிரிவு 1990 முதல் மும்பைச் சிறைகளில் வேலை செய்கிறது. நம்மில் எத்தனை பேர் அந்த வாசலைப் பஸ்ஸில் கடந்து போயிருக்கிறோம், ஒருவராவது உள்ளே போய்க் கேட்டோமா? தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் 2022 இல் கொண்டுவந்த திட்டத்தில் குற்ற வழக்குகளுக்கு முழுநேரச் சம்பள வக்கீல்கள் உண்டு. உதவி வக்கீல் பதவிக்கு மூன்று வருடத்துக்கு உட்பட்ட அனுபவம் போதும். தம்பிமார்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தாய்மார்கள் வேறொன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும், ஆலைத் தொழிலாளிக்கும், காவலில் இருப்பவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987 ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. கேட்டால்தான் கிடைக்கும்.

இப்போது நம் வீட்டு விஷயம். தாராவியில் 2024 மார்ச்சில் வீடுவீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. 2000 ஜனவரி 1 க்கு முன்னால் தரைத்தளத்தில் இருந்ததற்குக் காகிதம் இருந்தால் இங்கேயே 350 சதுர அடி இலவசம். அதற்குப் பின்னால், 2011 ஜனவரி 1 வரை வந்தவருக்கு தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, அதற்கும் இரண்டரை லட்சம் கட்ட வேண்டும். மாடியில் இருப்பவரும் வெளியேதான், தவணை கட்டும் வாடகை வீட்டில். இதெல்லாம் விதி. ஆனால் ரேஷன் கார்டில் "முத்துலட்சுமி", வாக்காளர் பட்டியலில் "எம்.லக்ஷ்மி", கரண்ட் பில் செத்துப்போன மாமனார் பெயரில் என்று ஒரு குடும்பம் வந்து நின்றால், இவர்கள் எல்லாம் ஒரே வீட்டார் என்று யார் நிரூபிப்பது? மனு மராத்தியில், கோர்ட் ஆங்கிலத்தில், ஆச்சிக்குத் தெரிந்தது திருநெல்வேலித் தமிழ். எவ்வளவு நல்ல வெளி வக்கீலானாலும் அந்த ஆச்சியிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து, எந்த வருடம் எந்தத் தீப்பிடித்ததில் எந்தக் காகிதம் போயிற்று என்று கேட்டு எழுத முடியாது. முன்வரிசையில் இருக்கிற இந்தப் பெண்ணால் முடியும். அவள் வீட்டு ஆச்சியும் அப்படித்தான் பேசுவாள்.

கூட்டத்துக்கு வரும் வழியில் ஒரு அண்ணாச்சி என்னை நிறுத்தினார். "நாங்க கடன் வாங்கிப் படிக்க வச்சது கம்பெனி வேலைக்குப் போகத்தான். நீ வந்து அதுகளை ஜோப்படி கேஸுக்கு இழுக்காத" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கடனை யார் அடைப்பது என்பதற்குப் பதில் சொல்லாமல் தியாகம் செய் என்று பிள்ளையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் கணக்கோடு வந்திருக்கிறேன்.

மாதம் 20,000 ரூபாய். 400 குடும்பம் மாதம் 50 ரூபாய் கொடுத்தால் தீர்ந்தது. இரண்டு வருடத்துக்கு 4,80,000. போன வருடக் கலைவிழாவில் பந்தலுக்கும் பாட்டுக் கச்சேரிக்கும் நாம் செலவழித்ததைப் பொருளாளர் அறிவார், நான் வாய் திறக்கவில்லை. தேர்ந்தெடுக்கும் பிள்ளை நன்றாக நடக்கும் ஒரு சட்ட உதவி அமைப்பிலோ மூத்த வக்கீலிடமோ சேர்ந்து வேலை செய்யட்டும். வழிகாட்டி இல்லாமல் புது வக்கீலைத் தனியே கோர்ட்டுக்கு அனுப்புவது வழக்குக்காரருக்கும் கெடுதல்.

ஒரு நிபந்தனையை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மனஸ்தாபம் வேண்டாம். அந்தப் பிள்ளை சங்கத்தின் வேலைக்காரி இல்லை. சேலத்துக்காரரிடம் 2,500 ரூபாய் பிடுங்கியவன் எந்த ஊர்க்காரன் என்று தீர்ப்பில் இல்லை. நம் ஊர்க்காரனாகவும் இருந்திருக்கலாம். நம் தோல் பட்டறை முதலாளி மேல் கூலி வழக்கு வந்தால், நம் சங்கத்துப் பிரமுகர் இரண்டு கோலியை ஒரு விதவையிடமிருந்து எழுதி வாங்கியிருந்தால், அந்த வழக்கையும் அவள் நடத்துவாள். அப்போது 50 ரூபாயை நிறுத்துகிறேன் என்று யாரும் வரக் கூடாது. இதை நிர்வாகக் குழு தீர்மானமாக எழுதி, நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். முடியாது என்றால் இந்த யோசனையை இன்றே கைவிட்டுவிடலாம், எனக்கு வருத்தமில்லை.

வாசலில் மேஜை போட்டு ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பெயர், வீட்டு நம்பர், எந்தச் சால், மாதம் எவ்வளவு என்று எழுதிவிட்டுப் போங்கள். மாட்டுங்கா, செம்பூரிலிருந்து வந்தவர்களும் எழுதலாம். முதல் பெயர் என் அம்மாவுடையது.