பட்டணத்துப் புகையும் நம் அடுப்புப் புகையும்

(காட்டேரிக்குப்பத்தில் நடந்த ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



வயல் சூழ்ந்த காட்டேரிக்குப்பத்தில் இருந்துகொண்டு டில்லியின் காற்றைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் நினைக்கலாம். நம் பிள்ளைகள் பலர் பெரிய பட்டணங்களில் பிழைக்கிறார்கள். அது ஒரு காரணம். மற்றொரு காரணத்தைக் கடைசியில் சொல்லுகிறேன்.

2024 நவம்பர் 18 அன்று டில்லியின் காற்றுத் தரக் குறியீடு 494 ஆக இருந்தது. 50-க்குள் இருந்தால்தான் நல்ல காற்று. 500-டன் அந்த அளவுகோலே முடிந்துவிடுகிறது. இவ்வளவு புகை எங்கிருந்து வந்தது?

குற்றவாளி ஒருவர் அல்ல. வண்டிகளின் புகை, நிலக்கரி எரிக்கும் அனல் மின் நிலையங்கள், ஆலைகள், செங்கல் சூளைகள், டீசல் ஜெனரேட்டர்கள், கட்டட வேலையில் எழும் தூசி, தெருமுனையில் கொளுத்தும் குப்பை ஆகிய இவை ஆண்டு முழுவதும் உண்டு. குளிர்காலத்திலோ தரையருகே குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே வெப்பமான காற்றும் நின்றுவிடுகின்றன. பானைக்கு மூடி போட்டதுபோல் ஆகிறது. புகை மேலே போக வழியில்லை. சென்னைக்குக் கடற்காற்று துணை செய்கிறது. டில்லிக்கு அது இல்லை.

அதே நாட்களில் பஞ்சாப், ஹரியானா வயல்களில் நெல் தாளைக் கொளுத்துகிறார்கள். விவசாயியை மட்டும் குறை சொல்லலாகாது. நிலத்தடி நீரைக் காக்கப் பஞ்சாபில் 2009-ல் சட்டம் வந்தது. நடவு தள்ளிப்போனது, அறுவடையும் தள்ளிப்போனது. கோதுமை விதைக்க இரண்டு மூன்று வாரமே மிச்சம். இயந்திரம் விட்டுப்போன தாளை அகற்ற நெருப்பே மலிவான வழியாயிற்று. நல்ல நோக்கத்தோடு வந்த சட்டம், காற்றசையாத நாட்களுக்குப் புகையைத் தள்ளிவிட்டது.

கடல் அருகே இருந்தும் சென்னை தப்பவில்லை. 2018 ஜனவரி 13, போகியன்று, புகைமூட்டத்தால் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. பழைய பாயும் துணியும் எரிந்த இடத்தில் டயரும் பிளாஸ்டிக்கும் எரிந்தால் வேறென்ன நடக்கும்?

இந்தப் புகையிலுள்ள நுண்துகள்கள் 2.5 மைக்ரானுக்கும் சிறியவை. தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்குகூட இராது. அவை நுரையீரலின் கடைசி அறைவரை போய் இரத்தத்திலும் கலக்கின்றன. ஆஸ்துமா மட்டுமல்ல, மாரடைப்பும் பக்கவாதமும் இவற்றால் வருகின்றன.

மனம் சோர வேண்டாம். 1952 டிசம்பரில் லண்டனில் ஐந்து நாள் புகைமூட்டத்தில் குறைந்தது 4,000 பேர் மாண்டார்கள். 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது, கரிப்புகை குறைந்தது. டில்லியிலும் 1998-ல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவால், 2002 முடிவதற்குள் நகரப் பேருந்துகள் டீசலை விட்டு எரிவாயுவுக்கு மாறின. பின்பு வண்டிகள் பெருகி அந்த ஆதாயம் கரைந்தது என்பதும் உண்மை. ஒருமுறை செய்தால் போதாது.

இப்போது அந்த மற்றொரு காரணம். சன்னல் இல்லாத சமையலறையில் விறகு அடுப்பை ஊதும் தாய் சுவாசிக்கும் புகை, டில்லியின் மோசமான நாளுக்குக் குறைந்ததல்ல. பீடி, சிகரெட்டைத் தொட்டறியாத பெண்களுக்கும் நாட்பட்ட மூச்சடைப்பு நோய் வருவது இதனால்தான். 2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் எத்தனையோ ஏழை வீடுகளுக்குக் காஸ் இணைப்பு வந்தது. ஆனாலும் அடுத்த சிலிண்டருக்குப் பணமில்லாமல் விறகுக்குத் திரும்புகிறவர்கள் உண்டு.

நீங்கள் அன்போடு கொடுக்கும் காசில் மூச்சுத் திணறுகிறவருக்கு ஆக்ஸிஜன் கொடுக்கலாம். அதோடு, உங்கள் தெருவில் காலியாக நிற்கும் ஒரு சிலிண்டரையும் விசாரியுங்கள். நாட்பட இருமும் தாயைப் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். போகிக்கு டயர் உருட்டி வரும் பையனை அன்பாகத் தடுத்து நிறுத்துங்கள். புகை மூட்டாத வீட்டில் ஆக்ஸிஜன் தேவையும் குறையும்.