நடக்கும் மணல்

டென்மார்க் நாட்டின் படத்தை விரித்துப் பார்த்தால், ஜட்லாந்துத் தீபகற்பம் வடக்கே செல்லச் செல்ல ஒடுங்கி, கடைசியில் ஒரு விரல் நுனிபோல வடகிழக்காக வளைந்து கடலுள் முடிவதைக் காணலாம். அந்த விரல் நுனியில் அமைந்த ஊர் ஸ்காகன். எழுத்தில்தான் அது ஸ்காகன். ஊராரைக் கேட்டால் 'ஸ்கேயன்' என்பர். டேனிஷ்காரர் எழுதுவதில் பாதியைப் பேசும்போது விழுங்கிவிடுவர் என்று அண்டை நாட்டார் நகையாடுவதுண்டு. அது மெய்யோ பொய்யோ, பயணச்சீட்டு வாங்கும் இடத்தில் நான் ஊர்ப் பெயரை மூன்று முறை சொல்ல நேர்ந்தது.

நான் சென்றது ஓர் அக்டோபர் மாதத்தில். கோடைக்காலத்து உல்லாசப் பயணிகள் அனைவரும் போய்விட்டிருந்தனர். பிரெடரிக்ஸ்ஹவன் துறைமுகத்திலிருந்து சிறிய இரயில் ஒன்று அங்கே செல்கிறது. 1890ஆம் ஆண்டில் இருப்புப்பாதை வரும்வரையில் ஸ்காகனுக்கு ஒழுங்கான சாலையே இல்லை. அலை நனைத்து இறுகிய கரைமணலே வண்டிப்பாதையாக இருந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டில் எனக்கு இடம் கிடைத்தது. எழுபது வயதைக் கடந்த அந்த அம்மையார் மறுநாட் காலையில், "கடலைப் பார்க்க வேண்டுமானால் மேற்குக் கரைக்கு வாருங்கள், தொப்பியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்" என்றார். தொப்பியைப் பற்றிச் சொன்னதன் பொருள் மணற்குன்றின் உச்சியை அடைந்தவுடன் விளங்கிற்று.

மேல்காற்று அங்கே தடையின்றி வருகிறது. வடகடலின் அகலம் முழுவதையும் கடந்து, முதன்முதலாக நிலத்தில் மோதும் இடம் அது. சாம்பல் நிறக் கடல். சாம்பல் நிற வானம். இரண்டுக்கும் இடையே வெண்மையான நுரைக்கோடு. வடக்கேயும் தெற்கேயும் கண்ணுக்கெட்டிய தூரம் மனிதரே இல்லை. ஒருவரோடொருவர் பேச வேண்டுமானால் காதருகே வாய் வைத்துக் கூவ வேண்டியிருந்தது. முகத்தில் மணல் படவில்லை. ஆனால் முழங்காலுக்குக் கீழே ஊசிகொண்டு குத்துவது போன்ற வலி. ஏன் அப்படி என்று முதலில் எனக்கு விளங்கவில்லை.

மாணவ நண்பர்கள் இதைக் கருத்தில் கொள்ளலாம். புழுதியைத் தூக்குவதுபோலக் காற்று மணலை வானளாவத் தூக்கிச் செல்வதில்லை. மணற்பரல் கனமானது. காற்று வேகம் கொண்டதும் ஒரு பரல் தரையை விட்டுத் துள்ளுகிறது. சிறிது தூரம் சென்று விழுகிறது. விழும்போது வேறு சில பரல்களை மோதி எழுப்புகிறது. அவையும் துள்ளி விழுந்து வேறு பரல்களை எழுப்புகின்றன. இவ்வாறு கோடிக்கணக்கான பரல்கள் குதித்துக் குதித்துத் தரையை ஒட்டியே ஓடுகின்றன. குனிந்து பார்த்தால் கரை முழுவதும் புகைபோல் நெளிந்து நகர்வது தெரியும். ஏதேனும் ஒன்று குறுக்கே நின்று காற்றின் வேகத்தைத் தணித்தால், அந்த இடத்தில் மணல் இறங்கிவிடும். குறுக்கே நிற்பது ஒரு கல்லாக இருக்கலாம். ஒரு மரக்கட்டையாக இருக்கலாம். பெரும்பாலும் அது ஒரு புல்.

அந்தப் புல்லால்தான் எனக்கு அன்று ஒரு தலைகுனிவு நேர்ந்தது. நம் கடற்கரையில் இராவணன் மீசை என்னும் முட்புல்லைக் கண்டவர்களுக்கு இதை ஊகிப்பது எளிது. ஆனால் இது உருண்டு திரியாது, தூறு தூறாக நின்ற இடத்தில் நிற்பது. இடுப்பளவு உயரம், வெளிறிய பச்சை நிறம். வறண்ட காற்றில் ஈரம் போய்விடாதபடி இலைகள் தம்மைக் குழல்போலச் சுருட்டிக்கொள்கின்றன. நினைவுக்காக எடுத்துச் செல்லலாம் என்று எண்ணி நான் ஒரு தூறைப் பற்றி இழுத்தேன். மணல் நெகிழ்ந்திருந்தமையால், நீண்ட வேரோடு அது கையில் வந்துவிட்டது. முன்னே சென்றுகொண்டிருந்த அம்மையார் திரும்பிப் பார்த்தார். அதுவரை புன்னகை மாறாதிருந்த முகம் சுருங்கிவிட்டது. ஒன்றும் சொல்லாமல் என் கையிலிருந்ததை வாங்கிக்கொண்டு, காலணியின் குதிகாலால் ஆழமாக ஒரு குழி பறித்து, புல்லை அதில் வைத்து, மணலைத் தள்ளி, இரு கால்களாலும் அழுத்தி மிதித்தார். பிறகுதான், "என் தாயார் இருந்திருந்தால் உங்கள் கையில் அடி விழுந்திருக்கும்" என்றார். நான் நாணி நின்றேன். ஒரு புல்லுக்கு இத்தனை கோபமா என்றும் உள்ளூர எண்ணினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அம்மையார் என்னிடம் வாதிடவில்லை. ஊருக்குத் தென்மேற்கே, குன்றுகளுக்கு நடுவில் தனித்து நிற்கும் ஒரு வெள்ளைக் கோபுரத்தின் முன்னே கொண்டுபோய் நிறுத்தினார். நாற்கோண வடிவமான கோபுரம். உச்சியில் படிப்படியாக அமைந்த முகடு. கோபுரம் இருக்கிறது, கோயிலைக் காணோம். கோயில் இருந்த இடத்தில் மணல் மேடும் புதரும் கிடக்கின்றன. கோபுரத்தின் அடிப்பகுதியும் மணலுள் புதைந்துதான் இருக்கிறது.

14ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட தூய லாரன்ஸ் தேவாலயம் அது. அக்காலத்தில் அந்தப் பகுதியில் காடு இருந்தது. மேய்ச்சல் நிலம் இருந்தது. மக்கள் விறகுக்கும் வீட்டுக்கும் மரங்களை வெட்டினர். ஆடுமாடுகளை மணற்குன்றுகளில் மேயவிட்டனர். கூரை வேயவும் அடுப்பெரிக்கவும் கரைப்புல்லைப் பிடுங்கினர். வறியவர்கள் தம் வயிற்றுப்பாட்டுக்காகச் செய்த செயல் அது. இன்று நாம் அவர்களைப் பழிப்பது எளிது. புயல்கள் மிகுந்த நூற்றாண்டுகளும் அவற்றோடு சேர்ந்துகொண்டன. பிடிமானம் போன மணல் நடக்கத் தொடங்கிற்று. டென்மார்க் மன்னர் மூன்றாம் கிறிஸ்டியன் 1539ஆம் ஆண்டிலேயே கரைப்புல்லைப் பிடுங்கலாகாது என்று ஆணையிட்டார். எனினும் பசிக்கு முன்னே ஆணை என்ன செய்யும்? வயல்கள் மூடின, வீடுகள் மூடின, மக்கள் கடலோரமாகக் குடிபெயர்ந்தனர். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வழிபாட்டுக்கு வருவோர் மண்வெட்டியோடு வந்து வாயிலைத் தோண்டித் திறந்துகொண்டு உள்ளே செல்ல வேண்டிய நிலை ஏற்பட்டது. ஒரு ஞாயிறு தோண்டிய மணல் மறு ஞாயிறுக்குள் திரும்பி வந்திருக்கும். 1795இல் கோயில் மூடப்பட்டது, 1810இல் இடிக்கப்பட்டது. கப்பலோட்டிகளுக்கு அடையாளமாக இருக்கட்டும் என்று கோபுரத்தை மட்டும் விட்டுவைத்தனர். கதைமன்னர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1859ஆம் ஆண்டில் இங்கே வந்து, இந்தக் கோயிலை முடிவிடமாகக் கொண்டு ஒரு மணல்வெளிக் கதை எழுதியிருக்கிறார்.

அம்மையாரின் முன்னோர்கள் அந்த மண்வெட்டிக் கூட்டத்தில் இருந்தவர்கள். அவர்களுடைய நிலம் எந்தக் குன்றின்கீழ் இருக்கிறது என்பது குடும்பத்தில் எவருக்கும் இப்பொழுது தெரியாதாம்.

பிற்காலத்தில் மணலை நிறுத்தியதும் அதே புல்தான். அரசாங்கம் வரிசை வரிசையாகக் கரைப்புல்லை நட்டது. அதன் பின்னால் குட்டையான மலைப்பைன் மரங்களை வளர்த்தது. இந்தப் புல்லின் இயல்பு வியப்புக்குரியது. மற்றச் செடிகள் மணல் மூடினால் மடியும். இதுவோ மூடுந்தோறும் மேலே மேலே வளர்கிறது. ஓர் ஆண்டில் ஒரு மீட்டர் மணல் ஏறினாலும் தாங்கிக்கொண்டு தலை காட்டுகிறது. மணல் வருவது நின்றுவிட்டால்தான் அது நலிவடைகிறது.

பிற்பகலில், ஊருக்குத் தெற்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ரோபியர் மீலே என்னும் இடத்துக்குச் சென்றோம். மீலே என்றால் அவர்கள் மொழியில் நடக்கும் மணற்குன்று. ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பு. கடல் மட்டத்துக்கு மேல் 40 மீட்டர் உயரம். ஒரு புல்லும் இல்லை. மேற்குக் கரையில் தோன்றிய அம்மணல்மலை ஆண்டுக்குச் சுமார் 15 மீட்டருக்கு மேல் வடகிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. அது விட்டுச் சென்ற தடத்தில் தட்டையான ஈரநிலம் கிடக்கிறது. முன்புறத்தில் மரங்களின் உச்சிக்கிளைகள் மட்டும் மணலுக்கு மேலே தெரிகின்றன. அதன் வழியில் நெடுஞ்சாலை இருக்கிறது; இன்னும் பல தலைமுறை கழித்து அதையும் அடையும்.

"மற்ற மணலையெல்லாம் நிறுத்தியவர்கள் இதை ஏன் நிறுத்தவில்லை?" என்று கேட்டேன்.

"வேண்டுமென்றேதான் விட்டுவைத்திருக்கிறோம். அரசாங்கமே இந்த நிலத்தை விலைக்கு வாங்கி, இதில் எவரும் புல் நடலாகாது என்று விதித்திருக்கிறது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால், எங்கள் பாட்டனார் பட்ட பாட்டைச் சொல்லும்போது எங்கள் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்" என்றார்.

வயிறு நிறைந்த நாடு செய்யக்கூடிய காரியம் இது என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லவும் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, "ஆம், இப்பொழுது நிறைந்திருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் நான் மூச்சிரைக்க ஏறினேன். ஓரடி ஏறினால் அரையடி சறுக்கும் ஏற்றம் அது. அவரோ எனக்காக இரு முறை நின்று காத்திருந்தார்.

கடைசியாக நாங்கள் சென்ற இடம் கிரேனன் முனை. கிரேனன் என்றால் கிளை. டென்மார்க்கின் பெருநிலம் அங்கே ஒரு மணல்நாக்காக முடிகிறது. மேற்கிலிருந்து ஸ்காகெராக் கடலும், கிழக்கிலிருந்து காட்டெகாட் கடலும் அம்முனையில் சந்திக்கின்றன. இரு பக்கத்து அலைகளும் ஒன்றையொன்று நோக்கி ஓடிவந்து, கைகொட்டுவதுபோல மோதி மேலே எழும்புகின்றன. நீரோட்டம் கொடியதாகையால் அங்கே நீராடத் தடை உண்டு. சாம்பல் நிறச் சீல் ஒன்று மணலில் படுத்திருந்தது. எங்களைக் கண்டு தலையைத் தூக்கிவிட்டு, பொருட்படுத்தத் தக்கவரல்லர் என்று கருதியதுபோல மீண்டும் படுத்துக்கொண்டது. 1940 முதல் 1945 வரை நாட்டைக் கைப்பற்றி வைத்திருந்த ஜெர்மானியர் கட்டிய காங்கிரீட்டு அரண்கள் சில, அடிமணல் போனமையால் ஒருபுறமாகச் சாய்ந்து கிடக்கின்றன.

முனையில் நின்றபோது வேறொரு நினைவு வந்தது. தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனியர் வசம் இருந்ததை நேயர்கள் அறிவர். கோபன்ஹேகனிலிருந்து நம் கரைக்குப் புறப்பட்ட கப்பல்கள் வடக்கே வந்து, இந்த முனையைச் சுற்றித்தான் பெருங்கடலை அடைந்தன. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கி, பின்னர்த் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு வந்த வழியும் இதுவே. முனையருகே 1627ஆம் ஆண்டில் ஒரு விளக்கு அமைத்தனர். அதன் மாதிரி ஒன்றை இன்றும் காணலாம். நம் கிணற்று ஏற்றமேதான்! நீண்ட மரத்தின் ஒரு நுனியில் சால் இருக்கும் இடத்தில் இரும்புக்கூடை. அதில் எரியும் நிலக்கரி. மறு நுனியை இழுத்தால் நெருப்பு வானில் உயரும். அந்த நெருப்பைப் பார்த்துத்தான் தரங்கம்பாடிக் கப்பல்கள் இந்த மணலுக்குத் தப்பிப் போயின. தப்பாதவையும் பல உண்டு. ஸ்காகன் ஓவியர்கள் என்று புகழ்பெற்றவர்களுள் ஒருவரான மிக்கேல் ஆங்கர், கடலில் மாண்ட மீனவனை 1896இல் தீட்டியிருக்கிறார்.

"நான் சிறுமியாக இருந்தபோது முனை இங்கே இல்லை" என்றார் அம்மையார். மேற்குக் கரையில் அரித்த மணலைக் கடல் இங்கே கொண்டுவந்து சேர்க்கிறது. முனை ஓயாது வடிவம் மாறுகிறது. அவர் சிறுவயதில் நின்ற இடம் எது என்று கேட்டேன். திரும்பிப் பார்த்து, சற்று நேரம் எண்ணி, கையை எங்கள் பின்னால் பொதுவாக நீட்டினார்.

1858இல் கட்டிய கலங்கரை விளக்கத்தில் ஒளி சுழலத் தொடங்கியிருந்தது. காற்று முதுகைத் தள்ள, நாங்கள் வந்த வழியே திரும்பினோம். வரும்போது பதித்த காலடிகளைத் தேடினேன், ஒன்றுகூட இல்லை.